ஹட்டனில் ஒரு விராகோ: ஷாஃப்ட் வண்டியைத் தாழ்த்தி ஹார்ட்டெயில் ஆக்கிய நிகழ்வு ஆய்வு

ஆடி மாதம், மூன்று நாளாக விடாத மழை. டிக்கோயாப் பக்கமிருந்து ஒரு தம்பி, யமஹா விராகோ 535 ஒன்றைப் பட்டா லொறியில் ஏற்றிக்கொண்டு ஹட்டனில் இருக்கும் எங்கள் கராஜுக்கு வந்தார். கூடவே அவருடைய தாய்மாமா. வண்டியை இறக்கியதும் முதலில் கண்ணில் பட்டது அதன் பின்பக்கம். தரையோடு ஒட்டிக் கிடந்தது. இரண்டு ஷொக்கும் இல்லை. அவை இருந்த இடத்தில் கறுப்புப் பெயின்ட் அடித்த இரண்டு இரும்புக் குழாய்கள். இப்படிப் பின்பக்கம் அசையாமல் பூட்டிய வண்டியைத்தான் ஹார்ட்டெயில் என்பார்கள். பின் மட்காட்டையும் வெட்டி எடுத்திருந்தார்கள்.

"அண்ணே, ஓடும்போது கீழே யாரோ சுத்தியலால தட்டுற மாதிரி இருக்கு. நாப்பதுக்கு மேல போனா கால் வைக்கிற இடமெல்லாம் உதறுது" என்றார் தம்பி.

மாமா கேட்டது வேறு. "இவன் இதுலதான் தினம் நோர்வூட்டுக்கு வேலைக்குப் போறான் தம்பி. உசுருக்கு ஒண்ணும் ஆகாதுதானே?"

அந்தக் கேள்விக்கு நாங்கள் அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. சொல்ல ஐந்து வாரம் ஆனது. அந்த ஐந்து வாரத்தில் பார்த்ததையும் செய்ததையும்தான் இங்கே எழுதுகிறேன். மலையகத்தில் இப்போது பழைய குரூசர் வண்டிகளைத் தாழ்த்துகிற ஆசை இளம் பிள்ளைகளிடம் நிறையவே இருக்கிறது. ஆசையில் தப்பில்லை. செயின் வண்டிக்குச் செய்கிற வேலையை அப்படியே ஷாஃப்ட் வண்டிக்கும், அதாவது செயினுக்குப் பதிலாகத் தண்டு ஒன்று பின் சக்கரத்தைச் சுற்றும் வண்டிக்கும், செய்வதுதான் தப்பு.

வண்டியைப் பற்றி

விராகோ 535 என்பது 1987 இல் யமஹா கொண்டுவந்த வண்டி. 70 பாகை வி-ட்வின் (வி வடிவில் இரண்டு சிலிண்டர்), காற்றில் குளிரும் எஞ்சின். இரண்டு சக்கரத்துக்கும் இடையே 1520 மில்லிமீற்றர். இருக்கை உயரம் 720 மில்லிமீற்றர்தான். பிறப்பிலேயே தாழ்ந்த வண்டி. பின் சக்கரத்தைச் சுற்றுவது செயின் இல்லை, ஸ்விங் ஆமின் (பின் சக்கரத்தைப் பிடித்து மேலும் கீழும் அசையும் இரும்புக் கையின்) ஒரு பக்கக் குழாய்க்குள் ஓடும் ஷாஃப்ட். அந்த ஷாஃப்ட்டின் முன் முனையில், ஸ்விங் ஆம் அசைகிற அச்சுக்கு நேராக, ஒரு கிராஸ் ஜொயின்ட், அதாவது கோணத்திலும் சுற்றைக் கடத்தும் சிலுவை இணைப்பு, இருக்கிறது. பின் முனையில் கியர்ப் பெட்டி. ஷாஃப்ட் பல்லுக்குப் பல் பொருந்தி அதற்குள் போய் நிற்கும்.

செயின் வண்டியை ஹார்ட்டெயில் ஆக்குகிறவருக்கு நிறையச் சுதந்திரம் உண்டு. சக்கரத்தை நாலு விரல் பின்னே தள்ளலாம், மேலே ஏற்றலாம். செயினில் இரண்டு கண்ணி கூட்டிக்கொண்டால் போதும். ஷாஃப்ட் வண்டியில் அது நடக்காது. சக்கரம் நிற்கும் இடத்தைக் கியர்ப் பெட்டி முடிவு செய்கிறது, கியர்ப் பெட்டியின் இடத்தை ஸ்விங் ஆம் முடிவு செய்கிறது. சக்கரத்தை முன்பின் நகர்த்திச் சரிபார்க்கும் வெட்டே அதில் கிடையாது. ஆம் ஒரு நூல் கோணினால் வண்டி ஆயுளுக்கும் நண்டு நடைதான்.

அதைவிடப் பெரியது கிராஸ் ஜொயின்ட் சங்கதி. எஞ்சினிலிருந்து வெளியே வரும் தண்டும் ஆமுக்குள் ஓடும் ஷாஃப்ட்டும் ஒரே கோட்டில் இருந்தால் ஜொயின்ட் சமமாகச் சுற்றும். கோணம் விழுந்தால், எஞ்சின் பக்கம் ஒரே வேகத்தில் சுற்றினாலும் சக்கரப் பக்கம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடும், இரண்டு முறை குறையும். கார்களில் இரண்டு முனையிலும் ஜொயின்ட் வைத்து ஒன்றின் கோணலை மற்றதால் சரிசெய்வார்கள். இந்த வண்டியில் ஒன்றே ஒன்றுதான். ஷொக் இருக்கும்போது அது பெரிய தொல்லை இல்லை, ஆள் ஏறி உட்கார்ந்தால் கோணம் சின்னதாகிவிடும், பள்ளத்தில் கூடி மேட்டில் குறைந்து எங்கும் நிலையாக நிற்காது. ஹார்ட்டெயில் ஆக்கிய நிமிஷத்தில் ஒரு கோணத்தை எடுத்து அதிலேயே பூட்டிவிடுகிறோம். அந்தக் கோணம் என்ன என்று முதலில் பார்க்காமல் உயரத்தை மட்டும் பார்த்ததுதான் இந்த வண்டிக்கு நடந்தது.

கழற்றிப் பார்த்ததில்

முதலில் கோணத்தை எடுத்தோம். வண்டியை நேராக நிறுத்தி, எஞ்சினின் வெளித் தண்டு ஓடும் கோட்டையும் ஆம் குழாயின் கோட்டையும் அளந்தோம். ஷாஃப்ட் மேல்நோக்கி 11 பாகை ஏறியிருந்தது. அச்சிலிருந்து சக்கர நடு வரைக்கும் எங்கள் அளவில் 450 மில்லிமீற்றர். அப்படியென்றால் சக்கரம் நேர்க்கோட்டுக்கு மேல் 86 மில்லிமீற்றர் உயர்ந்து நிற்கிறது. ஷொக் முழுக்க அமுங்கினாலும் போகாத இடத்துக்குக் குழாயைப் போட்டு இழுத்துவிட்டிருக்கிறார்கள்.

11 பாகையின் கோசைன் ஏறத்தாழ 0.98. அதாவது ஒவ்வொரு சுற்றிலும் ஷாஃப்ட்டின் வேகம் நூற்றுக்கு 2 அளவு கூடியும் 2 அளவு குறைந்தும் ஓடுகிறது. கேட்க அற்பமாக இருக்கும். கணக்கைக் கொஞ்சம் நீட்டிப் பாருங்கள். இந்தச் சக்கரத்தின் சுற்றளவு 2 மீற்றர் அளவு. 60 கிலோமீற்றர் வேகத்தில் நிமிடத்துக்கு 500 சுற்று. பின் கியர் ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று, ஆகவே ஷாஃப்ட் 1500 சுற்று. சுற்றுக்கு இரண்டு உதறல் என்றால் வினாடிக்கு 50. தம்பிக்குக் காலடியில் தெரிந்த உதறல் அதுதான்.

ஜொயின்ட்டை மூடியிருந்த ரப்பர் உறை கோணத்துக்குத் தாங்காமல் அடிப்பக்கம் கிழிந்திருந்தது. ஹட்டன் மழையில் கிழிந்த உறை என்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. கிராஸின் நாலு மூடியில் ஒன்றைத் திறந்தபோது கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் செங்காவி நிறத்தில் ஒரு குழம்பு. துடைத்துவிட்டு, கிராஸின் கையில் நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தேன். டிக், டிக், டிக் என்று நகம் தட்டியது. மூடிக்குள் உருளும் ஊசி உருளைகள் ஒவ்வொன்றும் தன் இடத்தில் பள்ளம் பறித்து உட்கார்ந்திருந்தன. கண்ணுக்கு வரி வரியாகத் தெரிந்தது. சுத்தியல் சத்தம் வந்த இடம் இதுதான்.

ஸ்விங் ஆமை வெளியே எடுத்தபோது இன்னொன்று தெரிந்தது. அதன் இரண்டு கையையும் இணைத்து ஒரு தகடு வெல்ட் பண்ணியிருந்தார்கள். ஷாஃப்ட் ஓடும் குழாயின் மேலேயே, ஷாஃப்ட்டைக் கழற்றாமல். உள்ளே கிரீஸ் கருகி ஓடாக ஒட்டியிருந்தது. குழாய் வெப்பத்தில் இழுபட்டு, சக்கர முனையில் 3 மில்லிமீற்றர் விலகியிருந்தது. பழைய சனல் இரும்பு ஒன்றின் மேல் வைத்து நூல் பிடித்துப் பார்த்துத்தான் இதை உறுதி செய்தோம். ஆமின் பேரிங் வளையங்களில் ஊசி முனை அளவில் எரிந்த புள்ளிகளும் இருந்தன. எர்த் கிளாம்பைத் தூரத்தில் மாட்டி வெல்ட் பண்ணினால் மின்சாரம் பேரிங் வழியாகப் போய் இப்படித்தான் புள்ளி குத்தும். வெல்ட் பண்ணுகிற எல்லாரும் இதை மனதில் வைக்க வேண்டும்: கிளாம்ப் வேலை நடக்கும் துண்டிலேயே இருக்க வேண்டும், வேலைக்கும் கிளாம்புக்கும் நடுவில் ஒரு பேரிங்கூட இருக்கக் கூடாது. பற்றறியையும் கழற்றிவிட வேண்டும்.

கியர்ப் பெட்டியில் 190 மில்லிலீற்றர் அளவு எண்ணெய் இருந்திருக்க வேண்டும். வடித்தபோது 130 கிடைத்தது. சீல் வெப்பத்தில் விறைத்துப் போயிருந்தது. பல்லுகள் தப்பித்துவிட்டன, அது தம்பியின் அதிர்ஷ்டம்.

கடைசியாக ஃபிரேம். ஷொக்கின் மேல் முனை மாட்டும் இடத்தில் எனக்கு முதலிலிருந்தே சந்தேகம். மண்ணெண்ணெய் தடவி, பத்து நிமிஷம் விட்டு, நன்றாகத் துடைத்து, மேலே சாக்பீஸ் தூளைப் பூசினேன். வெள்ளைப் பூச்சில் மெல்ல ஒரு ஈரக்கோடு எழுந்து வந்தது. இடது பக்கத்தில் 14 மில்லிமீற்றர் வெடிப்பு. மாமாவையும் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு எதுவும் பேசவில்லை, தம்பியின் தோளில் கையை வைத்துக்கொண்டார்.

அந்த இடம் ஏன் வெடித்தது என்பதை விளங்கிக்கொள்வது முக்கியம். ஷொக் இருக்கும் வரை அந்த முனைக்கு ஸ்பிரிங் விட்டுக்கொடுக்கிற பாரம் மட்டுமே வரும். குழாய் போட்டால் பள்ளத்தின் அடி முழுவதும் நேராக வரும். அதோடு ஷாஃப்ட் வண்டிக்கென்றே ஒரு குணம் உண்டு. ஆக்சிலேட்டரைத் திருகினால் கியர்ப் பெட்டிக்குள் சின்னப் பல்லு பெரிய பல்லின் மேல் ஏறப் பார்க்கும், அதனால் வண்டியின் பின்பக்கம் தூக்கும். விட்டால் இறங்கும். ஹார்ட்டெயிலில் தூக்க வழியில்லை. ஆகவே திருகும் ஒவ்வொரு தடவையும் அந்தக் குழாய் இழுபடுகிறது, விடும் ஒவ்வொரு தடவையும் நசுங்குகிறது. மலை ரோட்டில் ஒரு வளைவுக்கு இரண்டு தடவை திருகி இரண்டு தடவை விடுவோம். ஒரே இரும்பை அப்படியும் இப்படியும் மடக்கினால் என்ன ஆகும் என்பது கம்பி முறித்த எல்லாருக்கும் தெரியும்.

என்ன செய்தோம்

என் முதல் யோசனை, கம்பனி ஷொக்கைவிட நீளம் குறைந்த நல்ல ஷொக் ஒரு ஜோடி போட்டுக்கொள்ளலாம் என்பது. இன்றைக்கும் என் யோசனை அதுதான். தம்பி கேட்டுக்கொண்டார், யோசித்தார், பிறகு சொன்னார்: "அண்ணே, எனக்கு அந்தக் கோடு வேணும்ண்ணே. தலையிலருந்து பின் சக்கரம் வரைக்கும் ஒரே கோடா இறங்கணும். ரெண்டு வருஷமா அதைத்தான் நினைச்சுக்கிட்டு இருக்கேன்." ஒருவர் தன் உழைப்பில் வாங்கிய வண்டியை எப்படிப் பார்க்க ஆசைப்படுகிறார் என்பதை நான் சின்னதாக எடுத்துக்கொள்வதில்லை. சரி, செய்யலாம், ஆனால் உயரத்தை ஷாஃப்ட் சொல்லட்டும், நீங்களும் நானும் சொல்லக் கூடாது என்றேன். சம்மதித்தார்.

அப்படியானால் எந்தக் கோணம்? நேர்க்கோடுதான் நல்லது என்று தோன்றும். அதுவும் சரியில்லை. கோணம் பூச்சியமானால் கிராஸுக்குள் ஊசி உருளைகள் அசையவே அசையாது. ஒரே இடத்தில் நின்று அடி வாங்கி, அங்கேயே பள்ளம் பறிக்கும். கிரீஸும் புரளாது. ஷொக் உள்ள வண்டியில் ரோடே அதை அசைத்துக் கொடுக்கும். ஹார்ட்டெயிலில் நாம்தான் அசைவைக் கொடுக்க வேண்டும். ஆகவே கொஞ்சம் கோணம் வேண்டும், அதிகம் கூடாது. நாங்கள் 4 பாகையில் நிறுத்தினோம். சக்கரம் நேர்க்கோட்டுக்கு மேல் 31 மில்லிமீற்றர். வேக ஏற்ற இறக்கம் நூற்றுக்கு 0.25 அளவுதான். ஷொக் இருந்தபோது ஆள் ஏறிய நிலையோடு பார்த்தால் முன்பு 100 மில்லிமீற்றர் தாழ்ந்திருந்த பின்பக்கம் இப்போது 45 தாழ்ந்தது. பார்வைக்கு அதுவே போதும்.

கோணலான ஸ்விங் ஆமை நிமிர்த்த நான் துணியவில்லை. தம்பி கொழும்புக்கு இறங்கி, உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் இரண்டு நாள் கடை கடையாக அலைந்து, ஜொயின்ட்டோடும் உறையோடும் நல்ல ஆம் ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் ஒரு பொட்டு வெல்டிங்கூட வைக்கவில்லை. இந்த வேலையில் நான் மிகவும் பிடிவாதமாக நின்றது இதில்தான். ஷாஃப்ட் ஓடும் குழாயைத் தொடவே கூடாது. ஆம் தன் பேரிங்கிலேயே நிற்கட்டும், ஷொக்குக்குப் பதிலாக வரும் கம்பி மட்டும் போல்ட்டில் மாட்டட்டும். நாளைக்கு மனம் மாறினால் ஒரே காலையில் ஷொக்கைத் திரும்பப் போட்டுவிடலாம்.

கம்பி செய்வதற்கு ஃபிட்டர் மாமா வந்தார். தேயிலைத் தொழிற்சாலையில் ரோலருக்கும் ட்ரையருக்கும் இடையே வாழ்நாளைக் கழித்தவர், லேத்தில் அவர் கை வைத்தால் அளவு தப்பாது. முதலில் இரண்டு முனையிலும் திருகி நீட்டிக் குறைக்கக்கூடிய தற்காலிகக் கம்பி ஒரு ஜோடி செய்தார். அதை மாட்டி, ஆளை உட்கார வைத்து, கோணம் 4 இல் வந்து நிற்கும் வரை திருகினோம். அந்த நீளத்துக்குத்தான் நிஜக் கம்பியை வெட்டினோம்: தையலில்லாத குழாய், 4 மில்லிமீற்றர் தடிப்பு, முனைகளில் பழைய ஷொக்கின் ரப்பர் புஷ். இரண்டு கம்பிக்கும் குறுக்கே டயருக்கு மேலாக ஒரு வளைந்த குழாய், ஒரு பக்கம் மட்டும் முறுக்காமல் இருக்க.

ஃபிரேமின் வெடிப்புக்கு அதன் நுனியில் 3 மில்லிமீற்றர் துளை போட்டு, அதற்கு மேல் ஓடாமல் நிறுத்தினோம். பிறகு வி வடிவில் அரைத்து, சின்னச் சின்னத் துண்டாக வெல்ட் வைத்து, ஒவ்வொன்றும் கை வைக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகே அடுத்தது. மேலே இரண்டு பக்கமும் 4 மில்லிமீற்றர் முட்டுத் தகடு. தகட்டின் முனையை மீன்வால் மாதிரி வெட்டினோம். நேராக வெட்டி ஃபிரேமுக்குக் குறுக்கே வெல்ட் வைத்தால் அந்தக் குறுக்குக் கோட்டிலேயே அடுத்த வெடிப்பு வரும்.

முன்பக்கம் முன்பு 30 மில்லிமீற்றர் இறக்கியிருந்தார்கள். அதை 20 ஆக்கினோம். பின்பக்கம் மட்டும் அதிகம் தாழ்ந்தால் வண்டி மூக்கைத் தூக்கும், ஃபோர்க் சாய்வு கூடும். முன்பு கணக்குப்படி 2.6 பாகை கூடியிருந்தது, இப்போது 1 பாகை. ஒரு பாகைக்கு முன் சக்கரத்தின் இழுவைத் தூரம் (ஹாண்டில் அச்சின் கோடு நிலத்தைத் தொடும் இடத்துக்கும் டயர் தொடும் இடத்துக்கும் உள்ள இடைவெளி) ஏறத்தாழ 7 மில்லிமீற்றர் கூடும், அந்த அளவுக்கு ஹாண்டில் திரும்ப மறுக்கும். இன்னொரு கெடுதியும் உண்டு. 2.6 பாகை மூக்கைத் தூக்கினால் ஹெட்லைட் 25 மீற்றர் தூரத்தில் ஒரு மீற்றருக்கு மேலே அடிக்கும். நானுஓயாப் பனியில் எதிரே வருகிற பஸ்காரருக்குக் கண் தெரியாது, நமக்கு ரோடு தெரியாது. லைட்டைத் திருப்பி இறக்கிவிட்டோம்.

கியர்ப் பெட்டிக்குப் புது சீல். எண்ணெயை ஊற்றும் துளையின் விளிம்பு வரை நிரப்பும் வழக்கத்தை இங்கே விட வேண்டும், ஆமின் சாய்வு மாறியதால் துளையின் உயரமும் மாறிவிட்டது. அளவுக் குவளையில் 190 மில்லிலீற்றர் எடுத்து ஊற்றினோம். சைட் ஸ்டாண்டை 20 மில்லிமீற்றர் வெட்டிக் குறைத்தோம். இல்லாவிட்டால் வண்டி நிமிர்ந்து நின்று மறுபக்கம் சாய்ந்துவிடும். ஸ்பிரிங் வைத்த தனிச் சீட்டு. பின்னால் ஆள் உட்கார இடம் வைக்கவில்லை. தம்பி தங்கச்சியை டவுனுக்கு ஏற்றிப் போக வேண்டும் என்றார், பஸ்ஸில் போகட்டும் என்றேன்.

ஃபிரேமில் கை வைத்த வேலை என்பதால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளச் சொன்னேன். ஃபிரேம் இலக்கத்தின் பக்கம் கிரைண்டர் போகவே இல்லை.

ஓட்டிப் பார்த்தது

ஆவணிக் கடைசியில் மழை விட்ட ஒரு காலை, கொட்டகலை, தலவாக்கலை வழியாக நுவரெலியாவுக்கு ஏறி, ரம்பொடை வளைவுகளில் இறங்கி, திரும்பி வந்தேன். உதறல் இல்லை. தார் நல்லாயிருக்கும் இடத்தில் ஷொக் வண்டிக்கும் இதற்கும் வித்தியாசம் அதிகம் தெரியாது. ரம்பொடையில் ஊசி வளைவுக்குள் நுழையும்போது ஹாண்டிலைக் கொஞ்சம் அதிகமாகத் தள்ள வேண்டியிருந்தது, அவ்வளவுதான். கால்வைப்பு இரண்டு இடத்தில் உரசியது.

உண்மையான சோதனை தோட்டத்து ரோட்டில். தம்பியின் லயத்துக்குப் போகும் பாதையில் தண்ணீர் வெட்டுக்கு ஒரு குறுக்குக் கான், அதைத் தாண்டிக் கருங்கல் பதித்த ஏற்றம். அங்கே 10 கிலோமீற்றர் வேகத்துக்கு மேல் போக முடியவில்லை. பின் சக்கரம் ஒவ்வொரு கல்லிலும் தரையை விட்டுத் துள்ளியது, துள்ளி விழும்போது ஷாஃப்ட்டில் "டக்" என்று ஒரு இறுக்கம் கேட்டது. காற்றில் வேகமாகச் சுற்றிய சக்கரம் சட்டென்று நிலத்தைப் பிடிக்கும் சத்தம் அது. செயின் வண்டியில் அந்த அடியில் கொஞ்சத்தைச் செயின் வாங்கிக்கொள்ளும், இங்கே அதிகமும் கியர்ப் பல்லே வாங்க வேண்டும். அந்த இடத்தில் கிளட்சை அரைவாசி பிடித்துக்கொண்டு போகச் சொல்லிக் கொடுத்தேன். கானைத் தாண்டும் முன் இறங்கித் தள்ளினாலும் குறைவில்லை என்றேன். மாமா தலையாட்டினார்.

500 கிலோமீற்றரில் வண்டி திரும்பி வந்தது. எல்லா போல்ட்டிலும் தலையிலிருந்து தகடு வரைக்கும் வெள்ளைப் பெயின்டில் ஒரு கோடு இழுத்திருந்தோம், கோடு எங்கும் உடையவில்லை. 3000 கிலோமீற்றரில், தைப்பொங்கலுக்கு முந்திய வாரம், மறுபடி கழற்றினோம். ரப்பர் உறை முழுசாக இருந்தது. கிரீஸ் கிரீஸாகவே இருந்தது. வடித்த எண்ணெயில் காந்தத்தை விட்டு எடுத்தேன்: சாம்பல் நிறத்தில் மெல்லிய பசை, செதில் ஒன்றும் இல்லை. ஃபிரேமில் மண்ணெண்ணெயும் சாக்பீஸும் போட்டுப் பார்த்ததில் ஈரக்கோடு எழவில்லை. இடது மேல் போல்ட்டில் மட்டும் வெள்ளைக் கோடு இரண்டு மில்லிமீற்றர் விலகியிருந்தது. அந்த நட்டைத் தூக்கிப் போட்டு, நைலோன் பிடி உள்ள புது நட்டு மாட்டி, கோட்டைப் புதிதாக இழுத்து, சித்திரைக்கு முன் ஒரு தடவை வரச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.